பிரகாசியின் சம்மதம்

வேம்பார் உப்பளங்களை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில், பிரகாசி நன்னடத்தை அலுவலருக்குக் கட்டிலைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இரவல் கட்டில்தான். சன்னலோரம் போட்டு, வெளுத்த சேலையொன்றை நான்காக மடித்து விரித்திருக்கிறாள். உப்புப் பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் காலை வெயில் அதன்மேல் கண்கூச விழுந்து கிடக்கிறது. அலுவலர் கட்டிலை அசைத்துப் பார்க்கிறார். "ஆடுதேம்மா." "அவுகளும் இப்ப எலும்பாத்தான இருக்காக சார், தாங்கும். டயாலிசிஸுக்குத் தூத்துக்குடிக்கு நானே பஸ்ல கூட்டிட்டுப் போயிருவேன்." அவர் எழுதுகிறார்; பேனா காகிதத்தில் உரசுவது கேட்கிறது. பாளையங்கோட்டைச் சிறையில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுக் கிடக்கும் அவள் கணவன் சூசைநாதனை விடுவிக்க, வீட்டார் சம்மதம் வேண்டும். "போன வருசமும் நான்தான் வந்தேன். சேத்துக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தீங்க." "எங்க அண்ணனக் குத்திக் கொன்னவுக சார். அன்னைக்கு மனசு ஆறல." கையெழுத்துப் போடக் குனிந்தவள் நிமிர்கிறாள். "நான் மாட்டேன்னு சொன்னது அவுகளுக்குத் தெரியுமா?" அலுவலர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொல்கிறார்: "அவரோட விடுதலை மனுவைத் தள்ளுபடி பண்ணுன உத்தரவுல காரணம் போட்டிருக்கும்மா. அதை அப்பவே அவர் கையிலதான் கொடுத்திருப்பாங்க." தெருவில் மீன்காரரின் ஹாரன் கிட்ட வந்து, தேய்ந்து போகிறது. பிரகாசி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுகிறாள். மனம் இளகியபின் ஐந்து முறை சிறைக்குப் போய், கம்பி வலைக்கு இந்தப்புறம் நின்று அவனைப் பார்த்திருக்கிறாள். ஐந்து முறையும் சூசைநாதன் கேட்டது, உப்பளத்தில் வெடித்த அவள் கால் ஆறிவிட்டதா என்பதை மட்டும்தான்.