குருவி பறக்கும்வரை

தென்னேரிக் கரைத் தோப்பில், பச்சைத் துணிக் கூடாரத்துக்குள் உமாபதி கேமராவோடு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். வடக்கிலிருந்து வலசை வந்த ஆறுமணிக்குருவி எதிரே சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. இத்தனை ஐப்பசி காத்திருந்தது இதற்குத்தான்.

கூடாரத்தை ஒட்டித் தணிந்த பேச்சுக் குரல். மகள் மங்கையர்க்கரசி! கூடவே ஒரு பையன்.

"உங்கப்பாகிட்ட நேர்லயே சொல்லேன்."

"நான் வாயத் தொறந்தாலே குடும்ப மானம்னு எழுந்து போயிடறாரு டேனியல். உன்னத் தவிர யாரையும் கட்டிக்க மாட்டேன்."

உமாபதிக்கு ரத்தம் கொதித்தது. எழுந்தால் குருவி பறந்துவிடும்; கத்தினாலும் பறந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு டேனியலின் வேலை, அவன் அம்மாவின் சம்மதம் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டார்.

குருவி விருட்டென்று பறந்தது.

கூடாரத் துணியை மகள் மெல்லத் தட்டினாள்.

"குருவி போயிடுச்சுப்பா. இப்ப வெளிய வந்து திட்டுங்க."