கையெழுத்துப் போடும் இடம்

"இந்த ரெண்டு சீட்டுலயும் இருக்கிறது உங்க கையெழுத்துதானே?" என்று பள்ளியில் நடந்த கண் முகாமில் டாக்டரம்மா கேட்டார்.

என்னுடையதுதான். அ. பூமாலை. பெயரின் கடைசியிலிருந்து முதல்வரைக்கும் பின்னோக்கி இழுத்த ஒரு கோடு, அதன்கீழ் இரண்டு புள்ளிகள். திருமானூர் வட்டாரத்தில் அப்படிப் போடுகிறவர் வேறு யாருமில்லை.

தலைமையாசிரியை மலர்கொடி இரண்டு சீட்டுகளையும் மேசையில் திருப்பி வைத்தார். ஒன்று, பேத்தி கவியா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து கொடுத்தனுப்பியது. மற்றது இரண்டாம் வகுப்பில் வந்தது. இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு.

சீட்டில் கையெழுத்துக்கு இரண்டு இடம் உண்டு என்று தலைமையாசிரியை டாக்டருக்கு விளக்கினார். குழந்தையைக் கண் முகாமுக்கு அழைத்து வருகிறேன் என்பது மேலே. வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது கீழே.

இரண்டு முறையும் நான் கீழே போட்டிருந்தேன்.

டாக்டர் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு கவியாவின் இடது கண்ணைப் பார்த்தார்.

அப்போதே நன்றாக இருக்கும் வலது கண்ணை ஒட்டுப் போட்டு மறைத்து, கண்ணாடி கொடுத்திருந்தால் இடது கண் பழகி வந்திருக்குமாம். பத்து வயது முடியப் போகிறது. இனி முழுப் பார்வைக்கு வழியில்லையாம்.

என் மருமகள் புவனேஸ்வரி முதல்நாள் ராத்திரி திருப்பூரில் பஸ் ஏறி, விடிந்ததும் நேராகப் பள்ளிக்கு வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் ஒருநாள் விடுப்பு. பை இன்னும் தோளில்தான் தொங்கியது. மகன் அண்ணாதுரைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. குழந்தையை என் பொறுப்பில் விட்டுத்தான் இருவரும் அங்கே பிழைக்கிறார்கள்.

"படிக்காம போட்டுட்டீங்களா மாமா?" என்றாள்.

அவள் குரலில் ஓர் ஆசை இருந்தது. ஆமாம் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பது போல.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

என் அப்பா பண்ணையாரின் வெற்றுத்தாளில் பெருவிரலை உருட்டிவிட்டு, அதில் பிறகு எழுதப்பட்டதற்கெல்லாம் சாகும்வரை உழைத்தவர். கைநாட்டுக் குடும்பம் என்று எங்களுக்குப் பெயர். பத்தொன்பது வயதில் கூட்டுறவுச் சங்கத்தில் மை டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனா கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து, ஓட்டுப் போடும் நாளைத் தவிர, எங்கள் வீட்டில் யார் விரலிலும் மை பட்டதில்லை. சட்டைப் பையில் பேனா இல்லாமல் நான் தெருவில் இறங்கியதுமில்லை.

பள்ளியிலிருந்து வரும் தாள் எதுவானாலும் அன்றைக்கே கையெழுத்தாகிப் போய்விடும். சீருடை அளவு, பூச்சி மாத்திரை, மேலாண்மைக் குழுக் கூட்டம். கவியா என் வலப்பக்கம் ஒட்டி நின்று, தாளில் விரல் வைப்பாள்.

"இங்க தாத்தா."

நான் போடுவேன்.

"கேக்குறாங்கல்ல, சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை.

"படிச்சுத்தான் போட்டேன்" என்றேன். "பொட்டப் புள்ளைக்கு இந்த வயசுலயே கண்ணாடிய மாட்டுனா நாளைக்கு எவன் கட்டுவான்? அதான் வேணாம்னு விட்டேன்."

முகாமுக்கு வந்திருந்த தாய்மார்கள் வரிசை எங்கள் பக்கம் திரும்பியது.

புவனேஸ்வரி அழவில்லை. என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருமையா பேனாவ குத்திக்கிட்டுத் திரியிறீங்களே மாமா. அதாலயே எம்புள்ள கண்ணக் குத்திட்டீங்க."

கொடூரமான கிழவன் என்று ஊர் சொல்லட்டும். அந்தப் பெயரைத் தாங்கிக்கொள்ளலாம்.

டாக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். இருக்கிற பார்வையையாவது காப்பாற்ற வேண்டும், திங்கட்கிழமை அரியலூருக்கு அழைத்து வாருங்கள் என்றார். பள்ளிப் பதிவேட்டில் பாதுகாவலர் என்று இருப்பது என் பெயர். நான்தான் போட வேண்டும்.

"இந்தத் தடவயாச்சும் எடம் பாத்துப் போடுங்க" என்றாள் புவனேஸ்வரி.

பேனாவை எடுத்தேன்.

வழக்கம்போல் கவியா என் வலப்பக்கம் வந்து நின்றாள். வழக்கம்போல் அவள் விரல் மேசை விளிம்பைத் தாண்டித் தாளை நோக்கி வந்தது.

பாதியில் நின்றது.

அவள் புதிய தாளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய சீட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு நன்றாகப் படிக்க வரும். வலது கண் ஒன்றே போதும்.

முதல் சீட்டு வந்த அன்று அவளுக்கு ஆறு வயது. "கீழதான் தாத்தா எடம் பெருசா இருக்கு, ஒன் கோடு பூரா புடிக்கும்" என்று சிரித்தபடி விரல் வைத்தாள். போட்டேன். அடுத்த வருடமும் அதே இடத்தில் வைத்தாள். போட்டேன்.

இப்போது அவள் விரலை மடக்கிக் கையைப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நீ இல்லை கண்ணு, நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால், என் பெயரைத் தவிர வேறு எழுத்து எனக்குத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூடியைக் கழற்றினேன். தாளில் காலியாக இரண்டு இடங்கள் இருந்தன.