வெள்ளைக் கோடி

வாங்கிய வெயிலைப் பூமி வெளியே விடாமல் வைத்துக்கொள்ளத் தொடங்கியதும், அதைத் திருப்பி அனுப்பாத நிறங்களையெல்லாம் தடைசெய்தார்கள். கூரை, தெரு, சேலை எல்லாமே வெள்ளை. கூரைகளுக்கு வெள்ளையடித்துப் பிழைத்த பேச்சிமுத்து, ஒரு மொட்டைமாடியிலேயே வெயிலில் சுருண்டு செத்தான்.

பதினாறாம் நாள், அவன் மனைவி இசக்கியம்மாளுக்கு அவள் தம்பி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்தான்.

"எக்கா, இந்த வெள்ளைச் சேலையக் கட்டிக்கோ."

அவள் சிரித்துவிட்டாள். "கல்யாணத்துக்கும் வெள்ளையத்தானடே கட்டுனேன். நான் தாலி அறுத்தது எவனுக்குத் தெரியப்போவுது?"

கதவடைத்த அறையில் கணவனுக்காக மட்டும் கட்டிவந்த அரக்கு நிறச் சேலையை உடுத்திக்கொண்டு நடுப்பகலில் தெருவில் இறங்கினாள்.

காவலர் ஓடிவந்தார். "யம்மா, இந்த நிறம் வெயிலக் குடிக்கும்!"

"குடிக்கட்டும். வெயில் எம்புருசனக் குடிச்சப்போ எங்க போயிருந்திய?"