கறுப்புக் கண்ணாடி

பாட்டின் நடுவில் சாலைத் தடுப்பு வந்துவிட்டது.

கல்சோம் டீச்சர் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவதை நிறுத்தி, முக்காட்டைச் சரிசெய்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

முன்னால் நின்ற கார்க்காரர் வேர்த்து விறுவிறுத்து, தன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிமை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஆட்கள் உரித்து முடிக்கும்வரை விடமாட்டார்கள்.

டீச்சர் தன் காரின் கறுப்புக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

தைப்பிங்கில் ஒரு பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியை அவர். கையில் கத்தரிக்கோலோடு நடந்தால் முடி வளர்த்த பையன்கள் கழிப்பறைக்குள் ஒளிவார்கள். அப்பேர்ப்பட்டவர் தினமும் பள்ளி வளாகத்தில் காரை நிறுத்தி, மணி அடிக்கும்வரை பழைய ஜோகெட் என்னும் மலாய் ஆட்டப் பாட்டுகளைத் தோள் குலுக்கிப் பாடுவார்.

வீட்டில் பாடினால் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். பாட இந்தக் காரை விட்டால் வேறு இடமில்லை. அதற்காகவே, சட்டம் தெரிந்தும், கடையில் இருந்ததிலேயே கறுப்பானதைக் கேட்டு ஒட்டினார். ஆயிற்று, பன்னிரண்டு வருடம்.

இன்றோடு அதுவும் போச்சு.

அதிகாரி குனிந்து சலாம் சொன்னான். ஹில்மி! இவர் கையால் முடி வெட்டுப்பட்டவன். முன்கதவுக் கண்ணாடியில் கருவியை வைத்துப் பார்த்தான்.

"அறுபத்தெட்டு சதவீதம் வெளிச்சம் உள்ள வருது. அம்பது வந்தாலே போதும். நீங்க போலாம் டீச்சர்."

வேறு யாராக இருந்தாலும் விட்டால் போதும் என்று பறந்திருப்பார்கள். டீச்சருக்குக் கோபம் வந்தது.

"சரியாப் பாருடா. இதுக்கு மேல கறுப்பு கிடையாதுன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்தது."

இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான். அதே அறுபத்தெட்டு.

"வெயில்ல வெளுத்துப்போச்சு டீச்சர். நாங்க படிக்கும்போதே."

"உங்களுக்கு எப்படிடா தெரியும்?"

ஹில்மி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான். "காலையில உங்க கார் தெரியிற ஜன்னலோர இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம்."

டீச்சருக்குக் காது மடல்வரை சூடேறியது. அங்கேயே பூமி பிளந்தால்கூட நன்றாக இருக்கும் என்றிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"அப்புறம் எதுக்குடா என்னைப் பாத்து அப்படி நடுங்குனீங்க?"

"தினமும் இல்ல டீச்சர்," என்றான் ஹில்மி. "நீங்க பாடாம இறங்குற அன்னைக்கு மட்டும்தான்."