அத்தை பார்க்க வந்த வீடு

"பச்சைக் கேட், முற்றத்துல மல்பெரி மரம். இவ்வளவுதானே? பிடிச்சுட்டேன்!" என்றார் என் புருஷன் நேலு, புதையல் எடுத்தவர் மாதிரி.

"யார் வீடு?"

"ஜெனோவியான்னு ஒரு அம்மா. தனியா இருக்காங்க. ஒரு பாக்கெட் காப்பித்தூள் கொடுத்தேன், சாயங்காலம் கூட்டிட்டு வான்னுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்லாயா அத்தை, நேலுவுடைய அப்பாவின் தங்கை. கனடா போய் முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் புக்கரெஸ்ட் வந்திருக்கிறாள். நாளைக் காலையில் திரும்பிப் போகிறாள். இருதயம் சரியில்லை, இனிமேல் வரப் போவதும் இல்லை. வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. "நான் பொறந்த வீட்டை ஒரு தடவை பார்த்துட்டா போதும்டா."

வீட்டுக்கு எங்கே போவது? அந்தத் தெருவே இல்லை. அத்தை கனடா போன பிறகு, அப்போது நாட்டை ஆண்ட சர்வாதிகாரி தனக்கு அரண்மனை கட்ட, அந்தப் பேட்டையையே தரைமட்டம் ஆக்கிவிட்டுப் போனான். ஊருக்கே தெரியும். இவர் மட்டும் "உங்க வீடு அப்படியே இருக்கு அத்தை" என்று வருஷக்கணக்கில் போனில் அளந்திருக்கிறார்.

"வயசானவங்களை ஏமாத்தாதீங்க. உண்மையைச் சொல்லித் தொலைங்க" என்றேன்.

"வேண்டாம், வியோரிகா" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று காலையிலிருந்து ஊர் சுற்றினோம். லிண்டன் மரங்கள் பூத்த வாசனை தெருவெல்லாம். "இந்த வாசனை அங்க இல்லடி" என்று அத்தை காரின் ஜன்னலை மூடவே விடவில்லை. தெருவோரம் ஜன்னல் வழியாக விற்கிற கடையில் சுடச்சுட எள்ளு ரொட்டி வாங்கி, குழந்தை மாதிரி மடியெல்லாம் எள்ளாக்கிக்கொண்டாள்.

பூங்கா ஏரியில் படகு போய்க்கொண்டிருந்தது.

"இங்கதான் உங்க மாமா என்னையே பார்த்துக்கிட்டு துடுப்பைத் தண்ணியில விட்டார். கரை வந்து சேர்றதுக்குள்ள சம்மதம் வாங்கிட்டார், கள்ளன்!"

சிரித்தாள். உடனே அழுதாள்.

அரண்மனை வந்ததும் காரை நிறுத்தச் சொன்னாள்.

"ஏண்டா, இவ்வளவு பெருசா கட்டியிருக்கானே, யாருடா பெருக்குவா?"

நேலு சிரிக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி இங்க என்னடா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா பொட்டல்."

பாவி மனுஷா! அத்தை பிறந்த மண்ணையே பொட்டல் என்கிறாரே! நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"அது சர்ச் இல்ல, அத்தை" என்றேன்.

"பழக்க தோஷம்டி. நீ வண்டியை எடுடா."

சாயங்காலம் அந்தப் பச்சைக் கேட். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நேலு மூச்சே விடவில்லை.

"இதேதான்டா!" என்றாள் அத்தை.

நேலுவின் முகத்தைப் பார்க்கணுமே! பரீட்சையில் பாஸான பையன்கூட அவரிடம் தோற்றான்.

ஜெனோவியாம்மா விருந்தாளிக்கு வைக்கிற வழக்கப்படி ஒரு ஸ்பூன் செர்ரிப் பாகும் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். வாங்கின காப்பித்தூளுக்கு வஞ்சகம் இல்லாமல், "தெருவே மாறலைம்மா, அப்படியே இருக்கு" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

அத்தை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தப் பழத்தைத் தின்னுட்டு நாக்கெல்லாம் ஊதாவா நிப்பியே, ஞாபகம் இருக்காடா? அந்தப் படியிலதான் உங்கப்பா அக்கார்டியன் வாசிப்பான். அக்கம்பக்கமே வந்து நிக்கும்."

நேலு தலையை ஆட்டி ஆட்டி அழுதார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. யார் வீட்டு மரத்தடியிலோ உட்கார்ந்து, நெஞ்சு நிறைய பொய்யோடு ஒரு மனுஷி திரும்பிப் போவதா?

அவர் காரை எடுக்கப் போனார். ஜெனோவியாம்மா தம்ளரைக் கழுவ உள்ளே போனாள். நான் அத்தையின் கையைப் பிடித்தேன்.

"அத்தை, மன்னிச்சுடுங்க. இது உங்க வீடு இல்ல."

"தெரியும்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்ப தெரிஞ்சுது?"

"இடிச்ச வருஷமே. எதிர் வீட்டு கொர்னேலியா கனடாவுக்கு வந்து எல்லாத்தையும் சொன்னா."

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரி...?"

அத்தை வாசல் பக்கம் பார்த்தாள். அவர் இன்னும் வரவில்லை.

"உன்கிட்டயும் அவன் சொல்லலையா? அப்ப அவன் பட்டாளத்துல இருந்தான்டி. மீசைகூட முளைக்காத பையன். அந்தத் தெருவை இடிக்க அவன் பட்டாளத்தைத்தான் அனுப்பினாங்க. நம்ம வீட்டுக் கதவைக் கழட்டித் தோள்ல தூக்கிட்டு, தேம்பித் தேம்பி அழுதுகிட்டே போனானாம்."

வெளியே ஹாரன் சத்தம். அத்தை அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இது என் வீடு இல்லேன்னு நான் சொல்லிட்டா, என் வீடு என்னாச்சுன்னு அவன் சொல்லியாகணுமே. அதைச் சொல்ல வைக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"