பின்னால் ஒரு நாற்காலி

“இன்னிக்கு வந்தவருக்கு மீசை நல்லா இருந்துச்சு காவேரி. சரின்னு சொல்லிடு!”

வஜிஹா சொல்லிவிட்டு ஓடினாள். காவேரி கையிலிருந்த சாக்பீஸை அவள்மேல் எறிந்தாள்.

இருவரும் கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு. சானமாவுக் காட்டோரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பாடம் நடத்திப் பழக வந்திருந்தார்கள். காவேரிக்கு ஒன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் நேரில் வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார்கள்.

“அதுல தவறினா படிச்சது போதும். சாமல்பட்டிக்கு வந்து கழுத்தை நீட்டு” என்று அப்பா சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியர் கங்கப்பன் இப்படிச் செய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, பாடத்துக்கு நடுவில், பேன்ட்டும் ஷூவும் போட்ட ஒருவரை அழைத்து வந்தார். ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசராம். வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு, கையில் ஒரு ஃபைலையும் கொடுத்து உட்கார வைத்தார். பிள்ளைகள் அலறிக்கொண்டு காவேரியின் புடவைக்குள் ஒளிந்தன. பாடம் அதோடு போயிற்று. வந்தவர் மட்டும் நகராமல் அவளைப் பார்த்தபடி இருந்தார்.

செவ்வாய்க்கிழமை வேறொருவர். இன்று மீசைக்காரர்.

கங்கப்பன் பள்ளி நேரம் போகக் கல்யாணத் தரகும் பார்ப்பவர் என்பது ஊரறிந்த விஷயம்.

காவேரி அவர் அறைக்குப் போனாள்.

“சார், இனிமே யாரையும் வகுப்புக்குக் கூட்டிட்டு வராதீங்க.”

“ஏம்மா, அவங்க உன்னை ஏதாச்சும் சொன்னாங்களா?”

“சொல்லணுமா? நான் பாடம் நடத்த வந்திருக்கேன் சார். பொருட்காட்சிக்கு வரல.”

“இன்னும் ஒரே ஒருத்தர், கண்ணு. பொறுத்துக்கோ.”

“எங்கப்பாகிட்ட சொல்லுவேன்.”

“தாராளமாச் சொல்லு. ஆனா ஒண்ணு, கோவம் வந்தா உன் குரல் கணீர்னு இருக்கு. வெள்ளிக்கிழமையும் இதே குரல்ல நடத்து.”

கேலி வேறு. காவேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை வந்தவரை எட்டிப் பார்த்துவிட்டு வஜிஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடியே, டயர் கடை தஸ்தகீர் பாய்! லுங்கியைத் தவிர வேற கட்டி நான் பார்த்ததே இல்ல. இவருக்குப் பேன்ட்டு யாரு குடுத்தா? இது உனக்கா, எனக்கா?”

“ஹெட்மாஸ்டருக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் முதல் பஸ்ல நான் கிளம்பிடுவேன்” என்றாள் காவேரி. யாரிடமும் விடைபெறப் போவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்து நின்றது. இரண்டு தேர்வாளர்கள், பேன்ட், ஷூ, கையில் ஃபைல். பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கங்கப்பன் வாசலில் நின்றுகொண்டார்.

பிள்ளைகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தன. பிறகு கரும்பலகையைப் பார்த்தன.

காவேரி புளியங்கொட்டைகளைப் பரப்பிக் கூட்டல் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து எண்ணின. ஒருவன் தப்பாகக் கூட்டியதும் வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு மறுபடி எண்ணினான். மழை விட்ட பின் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் போலக் கொட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

பாடம் முடிந்ததும் தேர்வாளர்களில் வயதில் மூத்தவர் எழுந்து வந்தார்.

“எப்படிம்மா இது? போன வருஷம் நாங்க உள்ளே வந்ததும் மொத்த வகுப்பும் ஓடிப்போச்சு. யானை வந்தாக்கூட நின்னு வேடிக்கை பார்க்கிற பசங்க! அப்போ பயிற்சிக்கு வந்திருந்த பொண்ணு நாலு சுவரைப் பார்த்து நின்னு அழுதுச்சு. நாங்க என்ன மார்க் போட முடியும்? நீ என்ன பண்ணினே?”

“நான் ஒண்ணும் பண்ணலையே சார்.” காவேரிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அதற்குள் முன்வரிசை நஞ்சம்மா எழுந்து வந்து தேர்வாளரின் பேன்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

“கையைக் காட்டுங்க சார்.”

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

நஞ்சம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வகுப்பைப் பார்த்துக் கத்தினாள்.

“ஊசி இல்லடா! நம்ம பெரிய சார் சொன்னது நெசந்தான். பேன்ட்டு போட்டவங்க எல்லாரும் ஊசி போட மாட்டாங்கன்னு நமக்குக் காட்டத்தானே தெனமும் ஒருத்தரைக் கூட்டியாந்தாரு!”