ஒம்பாட்டியின் இருமல்

சிவிங்கிப்புலி புல்லோடு புல்லாகப் பதுங்கியிருந்தது. தாயைவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு மான்குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. ஜீப்பில் யாரும் மூச்சுவிடவில்லை. கிசுமுவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஓதேரா முக்கால் மணி நேரமாகக் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது பார்த்து ஒம்பாட்டி இருமினான்.

தகர டப்பாவைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி ஓர் இருமல். தாய்மான் தலையைத் தூக்கியது. மறுநொடி தாயையும் காணோம், குட்டியையும் காணோம். சிவிங்கிப்புலி எழுந்து உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்தது.

ஓதேரா கேமராவை மடியில் இறக்கினார்.

"தம்பி, முப்பத்தாறு வருஷம் பரீட்சை ஹால்ல நின்னிருக்கேன். இப்படி ஒரு இருமலைக் கேட்டதே இல்லை."

ஒம்பாட்டியின் மனைவி கெருபோவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இது முதல் தடவையாக இருந்தால் பரவாயில்லை. வந்த அன்றே, நரி ஒன்று முயல் குட்டியை நெருங்கும்போது, தேநீர் ஃபிளாஸ்க்கை நங்கென்று கீழே போட்டான். நேற்றுக் காலையில் பெண்சிங்கம் ஒன்று காட்டுப்பன்றிக் குட்டிகளைக் குறிவைத்து நகர்ந்தபோது வரிசையாக நாலு தும்மல். சாயங்காலம் ஆறு சிங்கங்கள் சேர்ந்து ஒரு கிழட்டு எருமையைத் தின்றதை ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அப்போது மட்டும் ஆள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அது எப்படி என்று கேட்டதற்கு, "தூசி" என்றான். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு வார்த்தைக்கு மேல் வராது.

இந்த மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வர வேண்டும் என்று கெருபோ கேட்கவே இல்லை. ஒம்பாட்டியின் அக்கா நியாபோகேதான் பிடிவாதமாக ஏற்பாடு செய்தாள். நாலு மாதமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாயே, நாலு மிருகத்தையாவது பார் என்று நைரோபியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏப்ரலில் கெருபோவுக்குப் பெண் குழந்தை பிறந்து, பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அன்று அவள் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஒம்பாட்டி கண் கலங்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களில் போட்டான். காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவள் தூங்கி எழுவதற்குள் தொட்டிலைக் கழற்றி எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டு, அதைப் பற்றியும் பேசவில்லை.

கல்லோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? இங்கிருந்து திரும்பியதும் கிசியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று கெருபோ முடிவு செய்திருந்தாள். எத்தனை நாளைக்கு என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மதியச் சாப்பாட்டில் ஓதேரா வேண்டுமென்றே வேறு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். நியாபோகேகூடத் தம்பியை விடவில்லை.

"டேய், மனுஷங்க இவ்வளவு தூரம் வர்றதே இதைப் பார்க்கத்தான். உனக்குத் தொண்டையில என்னதான் இருக்கு?"

ஒம்பாட்டி உகாலிக் களியைப் பிட்டுக் கீரையில் தோய்த்துச் சாப்பிட்டான்.

"கேக்கறாங்கல்ல, பதில் சொல்லேன்" என்றாள் கெருபோ.

"தூசி."

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஓட்டுநர் சங்காலே மரத்தடியில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மாலைவரை இவர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிற மனிதர். இவ்வளவு நடந்தும் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

மூன்று நாளாக நடந்ததற்கெல்லாம் முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, சாயங்காலம் தன் புருஷனை அறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம்க்கா" என்றார் சங்காலே.

"உங்களுக்குத் தெரியாது. அவருக்கு எதிர்ல இருக்கிறவங்க மனசைப் பத்தி அக்கறையே கிடையாது. எப்பவும் அப்படித்தான்."

சங்காலே குழாயை மூடினார். துணியைப் பிழிந்து கண்ணாடிமேல் போட்டார். சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாரு. ஆனா நீங்க இப்படிப் பேசறதைக் கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"என்ன சொல்லக் கூடாதுன்னாரு?"

"வந்த அன்னிக்கு, நீங்க அறையில பெட்டியைப் பிரிச்சுட்டிருந்தப்போ என்னைத் தேடி வந்தாரு. 'ஏதாவது மிருகம் ஒரு குட்டியை அடிக்கப் போற மாதிரி இருந்தா வண்டியைத் திருப்பிடுங்க, என் மனைவி அதைப் பாக்கக் கூடாது'ன்னாரு. மத்தவங்களும் வண்டியில இருக்காங்க, நான் பாதியில திருப்ப முடியாதேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'சரி, நீங்க ஓட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்'னாரு."

கெருபோ ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவையும் சொல்லி முடிக்கறதுக்கு அவருக்கு அரை மணி நேரம் ஆச்சுக்கா" என்றார் சங்காலே. "பாப்பா பேரைச் சொல்ல வந்தாரு. அதுக்கு மேல முடியல. இதோ, இந்தச் சக்கரத்துகிட்ட உக்காந்து அப்படி அழுதாரு."